சக்கரமில்லாத சைக்கிளுக்கு ஆறாயிரம் ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர், காயலான் கடைக்குப் போக வேண்டிய சைக்கிள்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிக் கூடத்தில் மாட்டி வைப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தார். பணம் மிஞ்சியவர்களின் பைத்தியம் என்பது அவர் முடிவு. எனக்குப் பணம் மிஞ்சியதில்லை. ரயில்வே ஓய்வூதியத்தில் மாதம் ஓடுகிறது. பைத்தியம் என்பதை மறுக்கப் போவதில்லை. சென்ற ஆடி மாதம், சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல், செயின் எதுவுமே இல்லாத ஒரு சைக்கிள் ஃபிரேமையும் அதன் முன் ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மட்டும் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தவன் நான். கூடத்தில் மாட்டுவதற்கு அல்ல. அதைச் சொல்லத்தான் இக்கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

நான் வளர்ந்தது லால்குடிக்கு அருகே அய்யன் வாய்க்கால் ஓரமாக உள்ள ஒரு சிற்றூரில். 1960களின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு டாக்டர் கிடையாது. லால்குடியிலிருந்து ஒரு கம்பவுண்டர் சாயங்காலங்களில் வாய்க்கால் கரை வழியாக சைக்கிளில் வருவார். யார் வீட்டில் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்களோ அந்த வீட்டுத் திண்ணையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே போய் வெந்நீர் கேட்டு, ஊசியைக் கொதிக்கவைப்பார். அவருடைய மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடி ஒளிவோம். நானும் ஓடுவேன். ஆனால் ஊசி வேறு யாருக்கோ என்று தெரிந்ததும் முதலில் திரும்பி வருகிறவனும் நான்தான். அந்தச் சைக்கிளைப் பார்க்க வேண்டும்.

அது ஹம்பர் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் சைக்கிள். ஊரில் அப்போது இருந்த மற்ற நாலைந்து சைக்கிள்களில் முன் சக்கரத்தைப் பக்கத்துக்கு ஒரு குழாய் பிடித்திருக்கும். கம்பவுண்டரின் ஹம்பரில் மட்டும் பக்கத்துக்கு இரண்டு. சுண்டுவிரல் கனத்தில் இரண்டு குழாய்கள் மேலிருந்து இணையாக இறங்கி, நடுவே வெளிச்சம் தெரிய இடைவெளி விட்டு, கீழே சேர்ந்தே வளைந்து அச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் தென்னை ஈர்க்குச்சியை விட்டு மறுபக்கமாக இழுத்து எடுப்பது எனக்கு ஒரு வேலை. எதற்காக என்று கேட்டால் அன்றும் சொல்லத் தெரியாது, இன்றும் தெரியாது. பல்சக்கரம் இன்னொரு அதிசயம். சிறுசிறு மனித உருவங்கள் வட்டமாக நிற்பதுபோல் அதை வெட்டியிருப்பார்கள். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றினால் அவர்கள் கும்மியடிப்பார்கள்.

ஐப்பசி மழையில் கரைச்சேறு ஃபோர்க்கின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். அதைக் குச்சியால் சுரண்டி எடுத்து, துணி நனைத்துத் துடைத்து வைப்பேன். கம்பவுண்டர் திரும்பி வரும்போது கூலியாக ஒரு காலி பென்சிலின் குப்பி கிடைக்கும், ரப்பர் மூடியோடு. ஒருமுறை எனக்கே காய்ச்சல் வந்து அவர் ஊசி போட்டபோது நான் அழவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஜன்னல் வழியே சைக்கிள் தெரிந்தது என்பது அம்மாவுக்குத் தெரியாது.

ஒருநாள் துணிந்து, ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “கால் எட்டட்டும் தம்பி” என்றார். வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால்களைச் சிராய்த்துக்கொண்டு, பாரில் உட்கார்ந்து ஓட்டும் அளவுக்கு நான் வளர்ந்தபோது, அவர் ஓய்வு பெற்று, புள்ளம்பாடிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். சைக்கிளும் போயிற்று.

1974-இல் பொன்மலை ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பொன்மலையில் சங்கு ஊதியதும் வாசலில் சைக்கிள்கள் வெளியேறுவதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி தெரியும். மடை திறந்ததுபோல் வரும். எனக்கு மனிதர்களின் முகம் கண்ணில் படாது, முன் ஃபோர்க்தான் படும். அத்தனையில் இரட்டைக் குழாய் ஃபோர்க் இரண்டோ மூன்றோ இருந்தன. ஒன்று ஒரு சார்ஜ்மேனுடையது. விலைக்குக் கேட்டதற்கு அவர் என்னை முறைத்த முறைப்பில், அதன் பிறகு ஆறு மாதம் அவர் பக்கம் போகவில்லை.

நான் வாங்கியது ஹெர்குலிஸ், சம்பளத்தில் தவணை பிடித்து. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை செய்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இருபத்தைந்து ஆண்டுகள் என்னையும், பின்னால் மனைவியையும், பாரில் பிள்ளைகளையும் சுமந்தது. இரண்டு முறை ஓவராயில் செய்ததைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை. (ஓவர்ஹால் என்பதை ஓவராயில் என்று மாற்றிப் போர்டு எழுதிய நம் சைக்கிள் கடைக்காரர்களுக்குத் தமிழறிஞர்கள் ஏதாவது பட்டம் தர வேண்டும். அந்தப் போர்டைப் பார்த்தாலே எண்ணெய் மணக்கும்.) ஆனாலும் வீட்டுச் சாப்பாடு ருசியாக இருக்கிறது என்பதற்காகச் சின்ன வயதில் திருவிழாவில் தின்ற பஞ்சுமிட்டாய் மறந்துவிடுகிறதா?

1986-இல் அறுநூறு ரூபாய் சேர்த்துக்கொண்டு புள்ளம்பாடிக்குப் போனேன். கம்பவுண்டர் காலமாகியிருந்தார். சைக்கிள் மருமகனிடம். கேரியரின் இரு பக்கமும் பால் கேன்கள் தொங்கின. விலைக்குத் தருவீர்களா என்றேன். மாமனார் நினைவாக வைத்திருப்பதாகச் சொன்னார். நினைவின் மேல் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டிருந்ததை நான் சுட்டிக்காட்டவில்லை. அவருக்கு அது பிழைப்பு, எனக்கு ஆசை. எது பெரிது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

அதன்பின் அந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டு வழியாக ஒரு சுற்றுச் சுற்றிப் போவது வழக்கமாயிற்று. ஒருமுறை சீட் இல்லை. இன்னொருமுறை பல்சக்கரம் மாறியிருந்தது. கும்மியடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு முறை சைக்கிளே கண்ணில் படவில்லை. விசாரிக்க வாய் வரவில்லை.

சென்ற ஆடியில் உறவினர் வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தேன். கம்பவுண்டரின் பேரன் புது வீடு கட்டுகிறார். பழைய மாட்டுக்கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை விட்டத்தில் கோழிக்கூடைக்குப் பக்கத்தில், ஊதா நிறப் பெயிண்டு பூசிய ஒரு ஃபிரேம் தொங்கியது. நிறம் ஏமாற்றியது. ஃபோர்க்கைப் பார்த்ததும் காலில் செருப்பு இல்லை என்பதுகூடத் தெரியாமல் இடிபாட்டுக்குள் போய்விட்டேன். பழைய இரும்புக்காரர் உடைந்த அடிபம்போடு சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பேசியிருந்தாராம், மறுநாள் வண்டி வருகிறதாம். “நீங்கள் வேண்டுமென்றால் அதே நானூறைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள் ஐயா” என்றார் பேரன்.

எடுத்துப் போயிருக்கலாம். 1986-இல் மருமகன் மறுத்த அறுநூறு நினைவுக்கு வந்தது. இத்தனை ஆண்டு கழித்துப் பத்து மடங்காவது கொடுக்க வேண்டும் என்று தோன்றி, ஆறாயிரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் பிசகு. பேரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். இருவரும் ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார்கள். ஃபோர்க்குக்குள் ஏதோ கலகலவென்று உருண்டது! தாத்தா குழாய்க்குள் எதையோ போட்டு வைத்திருக்கிறார் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பென்சிலின் குப்பியிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த அந்தப் பெண்தான் முதலில் சிரித்தார். பிறகு பேரன் காசே வேண்டாம் என்றார். நான் ஆறாயிரத்துக்குக் குறையமாட்டேன் என்றேன். வாங்குபவன் விலையை ஏற்றி, விற்பவர் இறக்கிய பேரம் புள்ளம்பாடியில் அன்று ஒன்றுதான் நடந்திருக்கும்.

பஸ்ஸில் நடத்துநருக்கு ஒரு சிக்கல். சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. சக்கரம் இல்லாதது சைக்கிளா என்று யோசித்தார். கடைசியில் ஒரு மூட்டைக்கான டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டில் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “மீதி எப்போது வரும்?” என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இனி ஃபோர்க் விஷயம். பட்டறையில் நான் பழகிய பெரியவர்கள், விரிசலைக் கண்ணால் தேடுவதற்கு முன் காதால் தேடு என்பார்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டினால் நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் உள்ளது செத்த சத்தம் தரும். ஃபோர்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் நான்கு குழாய்களையும் தட்டினேன். மூன்று பாடின. நான்காவது ‘டொக்’ என்றது. அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. விண்டு போன குழாய் என்றால் இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் கொட்டகையிலேயே முடிந்தது என்று பொருள்.

காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழாயின் அடிப்பக்கம் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பித்தளை ஊற்றிப் பற்றவைக்கும்போது உள்ளே சூடேறும் காற்று வெளியேறுவதற்காக விடும் துளை. அதன் வாயில் காய்ந்த களிமண். பழைய ஸ்போக் கம்பி ஒன்றைத் தீட்டி உள்ளே விட்டுச் சுரண்டினால், மண் மண்ணாக வருகிறது. குளவிக்கூடு! எத்தனை தலைமுறைக் குளவிகள் அதற்குள் குடித்தனம் நடத்தினவோ. பேரனும் மனைவியும் குலுக்கியபோது உருண்ட புதையல் அதுதான். அரை நாள் தண்ணீர் ஊற்றி அலசிய பிறகு தட்டிப் பார்த்தேன், நான்காவதும் பாடியது. அறுபது ஆண்டுக்கு முன் வெளியில் சேறு சுரண்டியவன் இப்போது உள்ளே சுரண்டியிருக்கிறேன், குப்பி தரத்தான் ஆள் இல்லை.

இரட்டைக் குழாய் என்றால் இரட்டைப் பலம் என்று பலரும் சொல்வார்கள். ஆசைப்பட்டு வாங்கியவன் என்றாலும் இதை நான் ஏற்கமாட்டேன். தகட்டின் கனம் மாறாமல், ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாகப் பாதி விட்டமுள்ள இரண்டு குழாய்களை வைத்தால், அவை தனித்தனியே நிற்கும்வரை இரண்டும் சேர்ந்து பழைய விறைப்பில் கால்வாசிதான் தரும். மேலேயும் கீழேயும் சேர்த்துக் கட்டியிருப்பதால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே மேடு பள்ளத்தில் இந்த ஃபோர்க் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், கை அதிராது. கம்பவுண்டரின் பையில் கண்ணாடிக் குப்பிகள் உடையாமல் ஊர் ஊராகப் போனதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். இன்னொரு நன்மை, ஒரு குழாய் முறிந்தாலும் மற்ற மூன்று உடனே கைவிடாது; ஓட்டுபவர் பல்லைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் விட, நூறு சைக்கிளுக்கு நடுவே நின்றாலும் ஹம்பர் என்று தூரத்திலேயே தெரியும். வியாபாரத்தில் அதற்குக் குறைந்த மதிப்பா?

அடுத்த சோதனை பெடல் அச்சுப் போகும் கூட்டில் வந்தது. அந்த அச்சை இரு பக்கமும் தாங்கும் புது கப் இரண்டைக் கடையில் வாங்கி வந்து கையால் திருகினேன். ஒரு சுற்று போயிற்று, இரண்டாவதில் இறுகி நின்றுவிட்டது. அதைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினால் அங்கிருந்த இளைஞர் பெரிய ஸ்பானரை எடுத்து, அழுத்தித் திருகினால் தானாக வழி பண்ணிக்கொள்ளும் என்றார். பிடுங்காத குறையாக ஃபிரேமை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். மரை கேஜை வைத்துப் பார்த்தால், கடையில் வாங்கிய கப் அங்குலத்துக்கு 24 மரை (திருகுப் புரி), ஃபிரேமில் 26.

அந்த 26 மரை ஒரு கைநாட்டுப் போல. ஹம்பர் என்பது தாமஸ் ஹம்பர் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய தொழில். நாட்டிங்காமுக்கு அருகே பீஸ்டனில் பெரிய தொழிற்சாலை இருந்தது, பிறகு கவென்ட்ரிக்குப் போயிற்று. கார்களும் செய்தார்கள். 1932-இல் ஹம்பர் சைக்கிளின் பெயரை நாட்டிங்காமின் ராலி கம்பெனி வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் பெரும்பாலும் 24 மரை போட்டபோது ராலி தன் பிடிவாதமாக 26 போட்டது. தன் உதிரிப்பாகத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தக் கூடாது என்ற கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வாங்கிய பெயர்களை அழிக்காமல் காப்பாற்றியதற்காக ராலியைப் பாராட்ட வேண்டும். ராலியின் பல்சக்கரத்தில் நாரைத் தலைகள், ரட்ஜ் என்ற இன்னொரு சைக்கிளில் விரித்த உள்ளங்கை, ஹம்பரில் மனித உருவங்கள், இரட்டை ஃபோர்க். எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இங்கேயே ராலிக்குக் கிளை இருந்தது என்பது இப்போது பலருக்கு மறந்துவிட்டது. வங்காளத்து சுதிர் குமார் சென்னோடு கூட்டுச் சேர்ந்து ஆசன்சோலில் சென்-ராலி என்று தொழிற்சாலை வைத்தார்கள். பின்னாளில் நொடித்து அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. அதனால், நீண்ட பார் வைத்த பழைய சைக்கிளை எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு என்று சொல்லி விற்பவர்களிடம் வாசகர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கம்பவுண்டர் தம்முடையதை 1951-இல் திருச்சிப் பெரிய கடை வீதியில் மூன்று மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்.

துவாக்குடியில் லேத் வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவர் 26 மரையில் கப் இரண்டு கடைந்து கொடுத்தார். வலப்பக்கத்துக்கு இடது மரை வெட்ட வேண்டும். முதல் முறை நாங்கள் இருவருமே அதை மறந்து ஒரு துண்டு இரும்பை வீணாக்கினோம். நூற்று நாற்பது வயது (கூட்டுத்தொகை) உள்ள இரண்டு பேர் அதற்காக ஒருவரையொருவர் பழித்துக்கொண்டதை லேத்தில் வேலை பார்க்கும் பையன் ரசித்துப் பார்த்தான். கூலி வாங்க நண்பர் மறுத்துவிட்டார். கும்பகோணம் வெற்றிலை ஒரு கவுளி கொடுத்துக் கணக்கை முடித்தேன்.

பெயிண்டு விஷயத்தில்தான் எனக்கும் அந்தக் கடிதம் எழுதிய அன்பருக்கும் ஒற்றுமை உண்டு. பழைய சைக்கிளை வாங்கி, மணலடித்து, பளபளவென்று பவுடர் கோட்டிங் செய்து, தங்கக் கோடு ஸ்டிக்கர் ஒட்டிச் சுவரில் மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். மணல் பட்டால் பெயிண்டு மட்டுமா போகிறது? அந்தக் காலத்தில் கறுப்பு எனாமலைச் சூளையில் வைத்துச் சுட்டு ஏற்றுவார்கள். பொங்கலுக்கு யாரோ பிரஷ்ஷால் பூசிய ஊதா அதன் மேல் வெறும் ஆடை. தின்னரை நனைத்த பஞ்சால் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டு ஒற்றி ஒற்றித் துடைத்தேன். மேல் பூச்சு இளகி வரும். சுட்ட எனாமல் பிடிவாதமாக நிற்கும். ஆனால் கை ஊன்றித் தேய்த்தால் தங்கக்கோடு போய்விடும். நாற்பது நாள் ஆயிற்று. புரட்டாசி பிறக்கும்போது, மேல் பாரின் ஓரத்தில் மயிரிழைபோல இரண்டு பொன் கோடுகள் வெளியே வந்தன.

முகப்பில் கம்பெனிப் பெயர் தாங்கிய தலைப்பட்டை போய்விட்டது, அதன் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு வட்டத்தில் கறுப்பு மங்காமல் புத்தம் புதிதாக இருந்தது. முதலில் புரியவில்லை. அப்புறம் தட்டியது: வில்லை! அந்த நாளில் சைக்கிளுக்கு வரி கட்டினால் பஞ்சாயத்தில் ஒரு தகர வில்லை தருவார்கள் அல்லவா? அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்த இடம் வெயில் படாமல் தன் நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வில்லை இல்லாமல் போனாலும், விளக்கு இல்லாமல் போனாலும், இருவர் ஏறிப் போனாலும் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து திரிந்த தலைமுறை நாங்கள். அந்த வட்டத்தை எந்தப் பவுடர் கோட்டிங்காரர் மிச்சம் வைப்பார்?

இதற்கிடையே ஒரு நாள் ஃபோர்க்கை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பேரிங் குண்டு வாங்கக் கடைக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்க நின்றேன். கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமைச் சேர்ந்த ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்துக்காரர், என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுத் தம் தேநீரைக் கீழே வைத்தார். “ஹம்பர் அல்லவா இது” என்றார். அவருடைய அப்பாவிடமும் ஒன்று இருந்ததாம். பக்கத்து வீட்டில் றலி, அதாவது நம் ராலி. இரண்டு வீட்டுக்கும் எது ஒசத்தி என்று ஓயாத வாக்குவாதமாம். புறப்படும்போது விட்டுவிட்டு வந்தது என்று மட்டும் சொன்னார். நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் ஆறிப்போன தேநீருக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு எழுந்துபோனார்.

அன்பர் கேட்டிருந்த இன்னொரு கேள்வி நியாயமானது: புது சைக்கிள்கள் இலகுவாக, கியரோடு கிடைக்கும்போது இந்தக் கனத்த இரும்பை ஏன் கட்டி அழ வேண்டும்? என் பேரனிடம் அலுமினியச் சைக்கிள் இருக்கிறது. டிஸ்க் பிரேக் போட்டது. நல்ல சைக்கிள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவன் நண்பனுடையதில் ஃபிரேம் விரிசல் கண்டபோது, பற்றவைத்தால் அந்த இடம் பலமிழந்துவிடும், வேறு வாங்கு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சொன்னது சரிதான். இரும்புக் குழாயில், லக் (மூட்டில் குழாய்கள் நுழையும் உறை) வைத்துப் பித்தளையில் பற்றவைத்த ஃபிரேம் அப்படியில்லை. ஒரு குழாய் கெட்டால் மூட்டைச் சூடாக்கிப் பித்தளையை இளக்கி, அதை மட்டும் உருவி எடுத்து வேறு குழாய் சேர்க்கலாம். அன்பர் அதைக் கிலோ கணக்கில் எடை போடுகிறார். நான் எத்தனை முறை சரிசெய்யலாம் என்று கணக்குப் போடுகிறேன்.

எங்கள் பொன்மலைப் பட்டறையில், நீலகிரி மலை ரயிலுக்காக, ஸ்விட்சர்லாந்தில் செய்த பழைய எஞ்சின்களின் வடிவத்தைப் பின்பற்றி, எண்ணெயில் எரியும் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினோம். மற்ற இடங்களில் எல்லாம் நீராவியை மறந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அதைப் பைத்தியம் என்று யாரும் எழுதவில்லை. மாலை போட்டு, கொடியசைத்து அனுப்பினார்கள். எஞ்சினுக்கு ஒரு நியாயம், சைக்கிளுக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். ஹம்பரில் முதலில் காணாமல் போவது ஃபோர்க்தான். எங்கேயாவது மோதி நெளிந்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த சாதா ஃபோர்க்கை மாட்டிவிடுவார்கள். நான் தேடித் திரிந்த ஆண்டுகளில் ஃபோர்க் இல்லாத ஹம்பர் ஃபிரேம்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஃபிரேம் இல்லாத ஹம்பர் ஃபோர்க் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கழற்றியதை மூலையில் சாத்தி வையுங்கள். என்னைப் போல் ஒருவன் ஒருநாள் வருவான்.

என் சைக்கிளுக்கு இப்போது சக்கரங்கள் வந்துவிட்டன, 28 அங்குலம். கம்பி பிரேக்கும் கிடைத்தது. சீட் என் பழைய ஹெர்குலிஸ் தந்தது. பல்சக்கரம் மட்டும் வெறும் ஐந்து கால் வைத்த சாதாரணமானது. அதைக் கழற்ற வேண்டும் என்று கை துடிக்கிறது. தங்கள் வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது, கிணற்றடியிலாவது, மனித உருவங்கள் நிற்கும் ஹம்பர் பல்சக்கரம் கிடந்தால், தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடக் கேட்டுக்கொள்கிறேன்; நான் விசாரித்து நேரில் வருகிறேன். 46 பல்லானாலும் சரி, 48 ஆனாலும் சரி. பல் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஆட்கள் முழுதாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பொன்மலை, திருச்சி.